கால் பங்கு குறை

கல்லூரிக் கடிதம் வந்த மறுநாள் காலை ஏழே காலுக்கு, சமையலறை வாசலில் நின்று நான் ஒரு சபதம் செய்தேன்.

"பட்டினி கிடந்தாலும் கிடப்பேன். உங்கண்ணன்கிட்ட மட்டும் கை நீட்ட மாட்டேன்."

"முதல்ல கைய நீட்டி இந்த டீய வாங்கிக்குங்க. ஆறிப் போகுது," என்றாள் மனைவி.

என் சபதங்களுக்கு எங்கள் வீட்டில் அவ்வளவுதான் மரியாதை. டீயை வாங்கிக்கொண்டேன். ஆறித்தான் போயிருந்தது.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகளுக்கு மண்ணியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. மண்ணியல் என்றால் மண்ணைப் பற்றிய படிப்பு. மண்ணில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது, இல்லாவிட்டால் நாம் என்ன ஆவோம் என்று சொல்லித் தருவார்களாம். மதிப்பெண்ணைப் பார்த்துக் கல்லூரியே பாதிக் கட்டணத்தைத் தள்ளிவிட்டது. கால் பங்கு எங்கள் சேமிப்பில் இருக்கிறது. மிச்சக் கால் பங்கு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் அதைக் கட்டாவிட்டால், வரிசையில் அடுத்து நிற்கிற பிள்ளைக்கு இடம் போய்விடும்.

"மண்ணைப் படிக்க இவ்வளவு செலவா? வாசல்ல சும்மாதான கிடக்கு?" என்று நான் கேட்டுப் பார்த்தேன்.

"சும்மா கிடக்குன்னு நெனச்சு மிதிக்கிறோமேப்பா, அதனாலதான் படிக்கணும்," என்றாள் மகள்.

அம்மாவின் வாய். ஆனால் பேசும்போது அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். பத்து வயதிலிருந்து போகிற ஊரிலெல்லாம் ஒரு கைப்பிடி மண் எடுத்து ஜாம் பாட்டிலில் அடைத்து ஜன்னலில் வரிசையாக வைத்திருக்கிறாள். மொத்தம் பதினேழு பாட்டில். எனக்குப் பதினேழும் ஒன்றுபோலத்தான் தெரியும். அவளுக்குப் பதினேழும் பதினேழு ஆள். அந்தப் பிள்ளைக்கு ஒரு கால் பங்கால் இடம் போனால் நான் என்ன அப்பன்?

இப்போது என்னைப் பற்றி. நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மூன்றாவது மாடி, கிளெய்ம் பிரிவு, தண்ணீர் கேன் பக்கத்து மேஜை. மக்கள் நிரப்பி அனுப்புகிற படிவங்களைப் படித்து, குறை இருந்தால் 'திருத்தி மீண்டும் அனுப்புக' என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவது என் வேலை. பத்தொன்பது வருஷமாகக் குத்துகிறேன். குறை இல்லாத படிவத்தை இதுவரை நான் சந்தித்ததில்லை. ஆபீசில் எனக்குப் பூமராங் என்று பெயர். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து, என் மனைவியின் அண்ணன். டயர்க்கடை மச்சான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கடைச் சுவர் இடிந்து, வீல் பேலன்ஸ் மெஷின் மேல் விழுந்தது. எங்கள் கம்பெனியில்தான் இன்சூரன்ஸ். படிவம் என் மேஜைக்கு வந்தது. சொந்தக்காரர் ஆயிற்றே என்று மற்றவர்களுடையதைவிட இன்னும் கவனமாகப் பார்த்தேன். மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். பதினாலு மாதம் கழித்துப் பணம் வந்தது. அதற்குள் மச்சான் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். நானும் நிறுத்திக்கொண்டேன். விதி விதிதானே?

"இப்ப நாட்டுல எத்தனை ஸ்காலர்ஷிப் இருக்கு தெரியுமா?" என்றேன் மனைவியிடம். "கேக்க ஆளில்லாம கிடக்கு. ஒழுங்கா ஃபாரம் நிரப்பத் தெரியாததாலதான் யாருக்கும் கிடைக்கல. பத்தொன்பது வருஷ அனுபவம். நான் நிரப்பினா எவன் திருப்பி அனுப்புவான்?"

"நானும் நாலு பேர்கிட்ட விசாரிக்கட்டுங்களா? தைக்கக் கொடுக்க வர்றவங்க ஏதாவது..."

"நீ தலையிடாத. ஃபாரம்ங்கிறது என் ஏரியா. என் ஃபாரத்த நீ தொடக்கூடாது. புரியுதா?"

"சரிங்க."

கல்யாணமான ஆண்கள் இங்கே ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டும். மனைவி மறுத்துப் பேசினால் பயமில்லை. அழுதாலும் சமாளிக்கலாம். 'சரிங்க' என்று சொன்னால் மட்டும் எதற்கும் தயாராக இருக்க வேண்டும். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு டீயைக் குடித்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் பட்டியலை விரித்தேன். மகள் எதிரில் உட்கார்ந்தாள். மனைவி முன் அறையில் தையல் மெஷினில் யாருடைய பேன்டையோ பிடித்துக்கொண்டிருந்தாள். தெருவில் யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள் என்பது டாக்டருக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும்.

"இடது கைப் பழக்கம் உள்ளவங்களுக்கு ஒண்ணு இருக்கு. நீ எந்தக் கை?"

"அப்பா, பதினெட்டு வருஷமா நான் உங்க எதுத்தாப்லதான் சாப்பிடுறேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"வலது."

"மாத்திக்க முடியுமா?"

"முடியாது."

"சரி. இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒண்ணு."

மெஷின் நின்றது. "அதுக்கு இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுங்க," என்று முன் அறையிலிருந்து குரல் வந்தது. மெஷின் மறுபடி ஓடியது.

"தகப்பனார் கப்பல்ல வேலை பாத்திருந்தா ஒண்ணு."

"உங்களுக்கு ஷவர்ல நின்னாலே ஜலதோஷம் பிடிக்கும்பா."

"தகப்பனார் தேனீ வளர்த்திருந்தா..."

"அப்பா."

இப்படிக் கழித்துக் கழித்து, எங்களுக்குப் பொருந்துகிறதாக ஐந்து தேறின. ஐந்துக்கும் படிவம் வரவழைத்தேன். தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனேன்.

"ரெண்டு செட்டா சார்?" என்றார் ஜெராக்ஸ்காரர்.

"ஒண்ணு போதுமே."

"வீட்டம்மா காலையிலயே சொல்லிட்டுப் போனாங்க. சார் வந்தா ரெண்டு செட் போடுங்க, வீட்டுக்கு ஒண்ணு இருக்கட்டும்னு."

எனக்குப் பெருமையாக இருந்தது. இருபது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியதில் இவளுக்கும் நகல் வைத்துக்கொள்கிற நல்ல பழக்கம் வந்துவிட்டதே என்று நினைத்தேன். ரெண்டு செட் போடச் சொன்னேன். காசும் நான்தான் கொடுத்தேன்.

அன்று மத்தியானமே உட்கார்ந்தேன். கறுப்புப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. முதல் படிவத்தை எடுத்துக் கறுப்புப் பேனாவைத் திறந்தேன். முதல் பக்கம் தாண்டவில்லை, எனக்கு வியர்த்துவிட்டது.

"என்னப்பா?" என்றாள் மகள்.

"பதினொண்ணாம் கட்டத்துக்கு அப்புறம் பதிமூணாம் கட்டம். பன்னெண்டு எங்க?"

"விட்டுப் போயிருக்கும். மேல எழுதுங்க."

"எப்படி எழுதுறது? பின்னால 'பன்னிரண்டாம் கட்டத்தில் ஆம் என்றால் இதை நிரப்புக'ன்னு இருக்கே. இல்லாத கட்டத்துல ஆம்னு எப்படிச் சொல்றது?"

"அப்பா, எல்லாரும் நிரப்பித்தான அனுப்புறாங்க?"

"அதனாலதான் யாருக்கும் கிடைக்கல."

கறுப்புப் பேனாவை மூடினேன். சிவப்பைத் திறந்தேன். இரண்டாவது படிவத்தில் 'முகவரி' இரண்டு இடத்தில் கேட்டிருந்தார்கள், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லவில்லை. மூன்றாவதில் பிறந்த தேதிக்கு ஆறு கட்டம்; வருஷத்தை முழுசாக எழுத எட்டு வேண்டும். நான்காவதில் புகைப்படம் ஒட்டச் சொன்ன இடத்திலேயே கையெழுத்தும் போடச் சொல்லியிருந்தார்கள். சுழித்தேன். அடித்தேன். ஓரத்தில் குறிப்பு எழுதினேன். சிவப்பு மை பாதி தீர்ந்தது.

"அப்பா, நீங்க ஃபாரத்த நிரப்புறீங்களா, திருத்துறீங்களா?"

"தப்பான ஃபாரத்த நிரப்புறதும் ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிறதும் ஒண்ணுதான்."

ஐந்தாவது ஒரு அறக்கட்டளை. அவர்களுக்குக் கட்டுரை வேண்டுமாம். 'நான் சந்தித்த சவால்' என்று ஆயிரம் வார்த்தை.

"ஆயிரம்னா எந்த ஆயிரம்? தலைப்ப சேத்தா, சேக்காமலா? தாள்ல ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா? ஒண்ணும் சொல்லலையே," என்றேன்.

"அது கிடக்கட்டும்பா. எனக்கென்ன சவால் இருக்கு? எதைன்னு எழுதுறது?"

"அதானே? ஒரு குறையும் தெரியாம உன்னை வளர்த்துட்டேன். உனக்கு ஒரு கஷ்டமும் நான் வைக்கல. என் தப்புதான்."

முன் அறையில் மெஷின் மறுபடி நின்றது. இந்தத் தடவை கொஞ்ச நேரம் நின்றது. மகள் அம்மா இருந்த பக்கம் திரும்பினாள். நூல் அறுந்திருக்கும் என்று நான் நினைத்தேன்.

மறுநாளே ஐந்து படிவத்தையும், 'தங்கள் படிவத்தில் கீழ்க்கண்ட குறைகள் உள்ளன, திருத்தி மீண்டும் அனுப்புக' என்று தனித்தனிக் கடிதத்தோடு, அனுப்பியவர்களுக்கே பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினேன். தபால் அலுவலகத்தை விட்டு வெளியே வரும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. கடன் வாங்கப் போகிறவன் நடை வேறு. என் நடையைப் பார்த்தவர்கள் நான் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பதில்கள் வந்தன.

முதல் கடிதம்: 'தங்கள் திருத்தங்களுக்கு நன்றி. பன்னிரண்டாம் கட்டம் சேர்த்த புதிய படிவம் அடுத்த ஆண்டு கிடைக்கும்.' இரண்டாவது: 'கடைசித் தேதி முடிந்துவிட்டது.' மூன்றாவது ஆள் கொஞ்சம் விவகாரமானவர். என் கடிதத்தையே சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தார். தேதியில் நான் போன வருஷத்தைப் போட்டிருந்தேனாம். பார்த்தேன். போட்டுத்தான் இருந்தேன். நான்காவது இடத்திலிருந்து பதிலே இல்லை. ஐந்தாவது, கட்டுரை கேட்ட அறக்கட்டளை: 'தங்கள் கடிதத்தைக் குழுவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினோம். சரியான நேரத்தில் வந்தது. மிகவும் ரசித்தோம்.' அவ்வளவுதான். பணத்தைப் பற்றி மூச்சு இல்லை. ரசிப்பதற்கு நான் என்ன பாட்டா பாடினேன்?

கடைசி வாரப் புதன்கிழமை ஆகிவிட்டது. நடுவில் ஒரு நாள்தான். வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. திட்டினால் பதிலுக்குக் கத்தலாம். கேட்காவிட்டால் என்ன செய்வது? மகளின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஜன்னலில் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"பேக் பண்றேன்பா."

"எதுக்கு?"

"காலேஜுக்கு எடுத்துட்டுப் போகத்தான்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்பா எப்படியும் பார்த்துக்கொள்வார் என்கிற சிரிப்பு. என்னை நம்பி ஒரு பெண் பாட்டில் அடுக்குகிறாள், நானோ இல்லாத பன்னிரண்டாம் கட்டத்துக்காக ஊரோடு சண்டை போட்டிருக்கிறேன். என் மானம் பெரிதா, இவள் படிப்பு பெரிதா? கேள்வியைக் கேட்பதற்கே வெட்கமாக இருந்தது. சட்டையை மாட்டினேன்.

"எங்க கிளம்பிட்டீங்க? ஆபீஸ் இல்லையா?" என்றாள் மனைவி, வாயில் குண்டூசியோடு.

"லீவு சொல்லிட்டேன். ஸ்கூட்டர்ல காத்து கம்மியா இருக்கு."

"அப்படியா? கறுப்புப் பேனா ஒண்ணு பையில போட்டுக்குங்க."

"காத்து அடிக்கப் பேனா எதுக்கு?"

"வெளிய போறவங்க கையில ஒரு பேனா இருக்கட்டுமேன்னு சொன்னேன்."

சட்டைப்பையில் நீலப் பேனா இருந்தது. போதும் என்று விட்டுவிட்டேன்.

மச்சான் கடையில் ஒரு லாரிச் சக்கரத்தைச் சுற்றி மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இடித்துக் கட்டின சுவர் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன். மச்சான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"வாங்க மாப்ள. பஞ்சரா?"

"ஆமா மச்சான். வண்டி இல்ல. நான்தான்."

நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். அந்த மூன்று பேரும் சக்கரத்தை மறந்துவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"பாப்பா படிப்பு விஷயமா..."

"ம்."

"கால் பங்கு குறையுது."

"ம்."

"நாளன்னைக்குக் கடைசி நாள்."

"ம்."

"நீங்க கொஞ்சம் பாத்து..."

"வாயால சொன்னா எப்படி மாப்ள? எழுதிக் குடுங்க," என்று மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தார்.

எழுதினேன். பத்து வரி. மச்சான் அதை வாங்கி, கண்ணாடியைத் தேடி மாட்டி, மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலேயும் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"தேதி போடலையே."

தேதி போட்டேன். வருஷத்தை இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டேன். மறுபடி படித்தார். மறுபடி திருப்பிக் கொடுத்தார்.

"நீல மையா இருக்கே மாப்ள. கறுப்பு மைதான் செல்லும்னு ஒரு பெரிய ஆபீஸர் எனக்கு எழுதியிருந்தாரு."

"கடையில கறுப்புப் பேனா இருக்கா?"

"டயர்க்கடைங்க இது. நாலு கடை தள்ளிக் கிடைக்கும்."

உச்சி வெயிலில் நாலு கடை தள்ளிப் போனேன். பேனா வாங்கிக்கொண்டு வந்தேன். முழுக் கடிதத்தையும் கறுப்பில் எழுதினேன். மச்சான் படித்தார். லாரிச் சக்கரத்து ஆட்களில் ஒருவர் எனக்காக வருத்தப்படுவது போலத் தெரிந்தது. மூன்றாம் தடவை தாள் என் முன்னால் வந்து விழுந்தது.

"எழுதுறவருக்கும் எனக்கும் என்ன உறவுன்னு போடலையே."

அதே மூன்று குறை. அதே வரிசை. அவருடைய படிவத்தில் நான் கண்டுபிடித்தவை. உறவு முறை எழுதவில்லை என்று அவருக்கு எழுதியவன் நான். அவர் தங்கையைக் கட்டியவனும் நான்தான். பதினாலு மாதம் அந்த மெஷின் இல்லாமல் இந்த மனிதர் என்ன செய்திருப்பார் என்று, சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குத்தான் முதல் தடவையாக யோசித்தேன். 'மச்சான்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"தப்புதான் மச்சான். அன்னிக்கு நான் ஒரு நடை நேர்ல வந்து சொல்லியிருக்கலாம்."

"அதத்தான் மாப்ள நானும் எதிர்பாத்தேன்." கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சிரித்தார். கடை அதிர்கிற சிரிப்பு. என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். டயர் தட்டிப் பழகின கை. "டீ சொல்லட்டுமா?"

"டீ இருக்கட்டும். பணம்..."

"எந்தப் பணம்?"

"பாப்பாவுக்கு, அந்தக் கால் பங்கு..."

"அதான் ஒன்பது நாளைக்கு முன்னாடியே கட்டியாச்சே."

"யாரு கட்டினா?"

"வேற யாரு? என் தங்கச்சிதான். ரசீதக் கொண்டாந்து காட்டிட்டுப் போனா. 'அவரு எப்படியும் வருவாரு அண்ணா. வந்தா உடனே சொல்லிடாத. முழுசாக் கேக்க விடு'ன்னா."

டீ வந்தது. குடித்தேன். என்ன ருசி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வீட்டுக்கு எப்படி ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வந்தேன் என்றும் தெரியாது. மனைவி துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"காத்து அடிச்சாச்சா?" என்றாள்.

"ஒன்பது நாளா என்னை முட்டாளாக்கியிருக்கே."

"நான் எங்க ஆக்கினேன்?"

"தலையிடாதன்னு சொன்னேனா இல்லையா?"

"உங்க ஃபாரத்த தொடக்கூடாதுன்னு சொன்னீங்க. தொடவே இல்லையே. ஜெராக்ஸ்காரர் போட்ட ரெண்டாவது செட் என்னோடது. அதைத்தான் நிரப்பினேன்."

"பன்னெண்டாம் கட்டம்?"

"அத விட்டுட்டேன்."

"விட்டுட்டியா?"

"இல்லாத கட்டத்த விடாம என்னங்க பண்றது?"

அவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கினாள்.

"முதல்ல தையற்காரங்க சங்கம். சங்கத்துல இருக்கிறவங்க பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் குடுக்குறாங்க. பேன்ட் குடுக்க வந்த அக்காதான் சொன்னாங்க."

"அது ஏன் என் பட்டியல்ல இல்ல?"

"நீங்க தகப்பனார் கப்பல்ல இருந்தாரா, தேனீ வளர்த்தாரான்னுதான பாத்தீங்க? தாயார் தைக்கிறாளான்னு பாக்கலையே. அடுத்தது காலேஜ். இன்னும் கொஞ்சம் குறைக்க முடியுமான்னு ஒரு கடுதாசி போட்டேன். கொஞ்சம் குறைச்சாங்க."

"கடுதாசி போட்டா குறைப்பாங்களா?"

"கேட்டாத்தானங்க தெரியும்?"

"தகப்பன் கையெழுத்து இல்லாம எப்படி எல்லாம் செல்லுச்சு?"

"பெற்றோர் கையெழுத்துன்னுதான் போட்டிருந்துச்சு. நான் போட்டேன். நான் பெத்தவ இல்லையா?"

பத்தொன்பது வருஷமாக நானும் அந்த வார்த்தையைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். குறை கண்டுபிடிக்கிற வேகத்தில் அதற்கு அர்த்தம் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

"எல்லாம் முடிஞ்சும் எதுக்கு என்னை உங்கண்ணன் கடைக்கு ஓட விட்டே?"

"ரெண்டு வருஷமா அண்ணன் வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போறீங்க. என்னைத் தெருமுனையில இறக்கி விட்டுட்டு, நீங்க அங்கயே வெயில்ல நிக்கிறீங்க. அண்ணன் ஜன்னல் வழியா உங்களையே பாத்துட்டு நிக்கிறாரு. நடுவுல நான் எத்தனை நாளுக்குங்க நடக்கிறது?" கத்திரிக்கோலை மறுபடி கையில் எடுத்தாள். "போனீங்க, பேசினீங்க. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது."

கோபித்துக்கொள்ளலாம் என்றுதான் வந்தேன். கோபத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. ஆனாலும் மனசில் ஒரு மூலையில் அரித்தது.

"அப்ப நான் பண்ணின எதுவுமே உதவலையா?"

"அய்யோ, யாரு சொன்னா?" என்று கட்டிலடியிலிருந்து ஒரு உறையை எடுத்தாள். "பாதிக்கு மேல உங்களாலதான் வந்துச்சு."

"என்னாலயா?"

"கட்டுரைக்குத்தான் முதல் பரிசு."

மகள் அறை வாசலில் வந்து நின்றாள். கட்டுரையின் நகலை வாங்கிப் படித்தேன். தலைப்பு: 'நான் சந்தித்த சவால்: என் அப்பா.'

ஏழாம் வகுப்பில் சுற்றுலா அனுமதிப் படிவத்தை நான் மூன்று தடவை திருப்பிக் கொடுத்தேனாம். நாலாம் தடவை எல்லாம் சரியாக இருந்ததாம். பஸ் போய்விட்டதாம். காய்ச்சல் வந்து எழுதிய லீவு லெட்டரில் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று கேட்டேனாம். படிக்கப் படிக்க உடம்பு கூசியது. கடைசிப் பக்கத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாள். 'என் முதல் செய்முறை நோட்டை அப்பா திருப்பித் தந்தார். எண்களுக்குப் பக்கத்தில் அலகு எழுதவில்லை என்றார். நான் அழுதேன். அன்றிலிருந்து அலகு இல்லாமல் ஒரு எண்ணும் எழுதியதில்லை. நான் அளந்த மண்ணை யாரும் சந்தேகப்பட முடியாது. இந்தச் சவாலை நான் ஜெயிக்கவில்லை. அதனிடம் கற்றுக்கொண்டேன்.'

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

"கோவமாப்பா?" என்றாள் மகள்.

"இல்லம்மா. மூணாம் பக்கத்துல ஒரு கால்புள்ளி விட்டுப் போயிருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

"இப்படி ஒரு ஆள் நெஜமாவே இருக்காரான்னு குழுவுல சந்தேகப்பட்டாங்களாம்," என்றாள் மனைவி. "அன்னிக்குத்தான் உங்க சிவப்பு மைக் கடுதாசி போய்ச் சேர்ந்திருக்கு."

பிறகு உறைக்குள் கையை விட்டுக் கெட்டியான அட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். பரிசளிப்பு விழா அழைப்பிதழ். தங்க நிற எழுத்து. நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பழக்கப்படி மேலிருந்து கீழே படித்தேன். 'மேடையில்: பரிசு பெறும் மாணவி, அவருடைய தாயார்.' அதற்குக் கீழே, 'முன்வரிசை, மூன்றாம் நாற்காலி: சவால்.'

கீழிருந்து மேலேயும் படித்துப் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை.